கடித்தது எது?

2003ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குடும்பம் வளர்ப்பதற்காகப் பிரெய்ரி நாய் வாங்கியது. பெயரில்தான் நாய், உண்மையில் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. புல்வெளியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் கொழுகொழுப் பிராணி. வந்த சில நாட்களிலேயே அது சோர்ந்து படுத்தது. வீட்டிலிருந்த 3 வயதுச் சிறுமியின் விரலைக் கடித்தது. பிறகு இறந்தும்போனது. சிறுமிக்குக் காய்ச்சல் ஏறியது, கடிபட்ட இடம் வீங்கியது, உடலில் கொப்புளங்கள் எழுந்தன. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்து அவளுடைய தாய்க்கும் கொப்புளம் வந்தது.

பிரெய்ரி நாய் என்றதும் மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவை பிளேக்கும் துலரேமியாவும். காட்டில் வாழும் இந்தப் பிராணிகளிடம் அவ்வப்போது காணப்படும் பாக்டீரியா நோய்கள் அவை. ஆனால் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது அம்மைக் குடும்பத்து வைரஸ். அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்து அனுப்பப்பட்ட கடிதங்களின் அச்சம் ஓய்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. பெரியம்மைதான் திரும்பி வந்துவிட்டதோ என்ற பதற்றம் எழுந்தது. இறுதியில் அது குரங்கம்மை என்று உறுதியானது. அதுவரை ஆப்பிரிக்காவுக்கு வெளியே மனிதர்களிடையே பரவிப் பார்த்திராத நோய்.

எப்படி வந்தது? அந்த ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து சுமார் 800 சிறு பாலூட்டிகள் டெக்சாஸுக்கு வந்து இறங்கின. அவற்றில் கன்னத்தில் பை கொண்ட காம்பிய எலிகளும் இருந்தன. அவற்றில் சில இல்லினாய் மாநில வியாபாரி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் கடையில் அவற்றுக்குப் பக்கத்தில் பிரெய்ரி நாய்கள். ஒரு கண்டத்தின் வைரஸ் இன்னொரு கண்டத்துப் பிராணிக்குத் தாவ அந்த நெருக்கமே போதுமானதாக இருந்தது. 6 மாநிலங்களில் 47 பேருக்கு நோய் உறுதியானது அல்லது இருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது. நல்லவேளையாக ஒருவரும் இறக்கவில்லை.

கானாவின் காட்டுக்கும் விஸ்கான்சின் சிறுமியின் விரலுக்கும் இடையிலான இந்தப் பாதையைத் திறந்தது ஒரே கேள்வி: எது கடித்தது? காயத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. புதுவகைச் செல்லப்பிராணிகள் நம் ஊர்க் கடைகளிலும் கூண்டு கூண்டாக வந்துவிட்ட இந்தக் காலத்தில், கடிபட்டவர் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய மிக முக்கியமான செய்தி அந்தக் கேள்விக்கான நேர்மையான பதில்தான்.

பல்லுக்கு ஏற்ற காயம்

ஹாம்ஸ்டர், எலி, கினிப் பன்றி, அணில் எல்லாம் கொறிப்பவை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று முன்பற்கள். அவை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பற்களின் முன்பக்கத்தில் மட்டுமே கடினமான எனாமல் பூச்சு உண்டு. பின்பக்கம் மென்மையானது என்பதால் சீக்கிரம் தேயும். கொறிக்கக் கொறிக்கப் பல் தானாகவே உளிபோலத் தீட்டப்படுகிறது. ஆகவே ஹாம்ஸ்டரின் கடி உளிவெட்டுப் போன்றது: சிறியது, ஆனால் எதிர்பார்ப்பதைவிட ஆழமானது. ரத்தமும் நிறையவே வரும்.

ஃபெரெட் வேறு வகை. கீரியை நினைவூட்டும் நீண்ட உடல். ஆனால் வீசல் குடும்பத்தைச் சேர்ந்த இறைச்சி உண்ணி. இரையைக் குத்திப் பிடிக்கும் கூரிய கோரைப்பற்கள் அதற்கு உண்டு. அது போடும் துளையின் வாய் குறுகலாக இருக்கும். மேலே சீக்கிரமே மூடிக்கொள்ளும். பல்லோடு உள்ளே போன கிருமி அடியில் தங்கிவிடும். பார்க்கச் சின்னதாக இருப்பதாலேயே ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுகிற காயம் இது. குரங்கின் கடியிலோ குத்தும் உண்டு, நசுக்கலும் உண்டு. தோலுக்கு மேலே தெரிவதைவிட உள்ளே சேதம் கூடுதலாக இருக்கும்.

இந்தக் கடிகளில் பெரும்பாலானவை விழுவது கையில்தான். தூக்குவதும் தடவுவதும் தீனி கொடுப்பதும் கைதானே. விரலில் தோலுக்கு அடியில் சதை அதிகமில்லை. எலும்பு, மூட்டு, விரலை மடக்கும் தசைநாண் எல்லாம் தோலை ஒட்டியே இருக்கின்றன. தசைநாண் ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகிறது. ஒரு துளை வழியே அந்த உறைக்குள் கிருமி புகுந்தால் குழாய்க்குள் நீர் ஓடுவதுபோல் விரல் நெடுகப் பரவும். பல விலங்குகளின் வாயில் இயல்பாகவே குடியிருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் 24 மணி நேரத்துக்குள்ளாகவே சிவப்பும் வீக்கமும் கொண்டுவரக்கூடியவை. விரல் முழுக்க வீங்கி, மடங்கியபடியே நின்று, நீட்டினால் உயிர்போகும் வலி என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலின் அசைவையே இழக்க நேரிடலாம்.

முதல் 15 நிமிடம்

எந்த விலங்கு கடித்தாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுவது. உலக சுகாதார நிறுவனம் ரேபிஸ் தடுப்புக்குச் சொல்லும் கணக்கு இது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளமானது என்று புரியும். நம்மில் பலர் ஒரு நிமிடத்திலேயே குழாயை மூடிவிடுகிறோம்.

சோப்பு ஏன்? ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கை எடுப்பதுபோலவே சோப்பு அந்த உறையைக் கலைத்துவிடும். உறை போனால் வைரஸால் நம் செல்லுக்குள் நுழைய முடியாது. கடி வழியே பரவும் வேறு சில வைரஸ்களுக்கும் இத்தகைய உறை உண்டு. கழுவும் தண்ணீர் தன் பங்குக்கு எச்சிலையும் அழுக்கையும் பாக்டீரியாவையும் அடித்துக்கொண்டு போகிறது. அதன்பின் போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி போடலாம்.

கழுவிய காயத்தின் மேல் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அவை திசுவைப் புண்ணாக்கும். அழுக்கை உள்ளே அடைக்கும். மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியாதபடி மறைக்கும். ரத்தம் நிற்காமல் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது போதும். கடிக்காயத்தை, குறிப்பாகக் கையில் விழுந்த துளைக்காயத்தை, மருத்துவர் உடனே தைக்காமல் திறந்தே விட்டால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே கிருமியை வைத்துத் தைத்தால் சீழ் கட்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று அவர் கேட்பார். தேவைப்பட்டால் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைத் தருவார். வாய்க்கிருமிகளின் பல வகைகளை ஒருசேரத் தாக்குவதால் கடிக்காயங்களுக்கு அது வழக்கமான தேர்வு.

இதுவரைதான் எல்லாக் கடிக்கும் பொது வழி. இதற்கு மேல் விலங்கின் பெயரைப் பொறுத்தே வழி பிரிகிறது.

‘பத்து நாள் பார்க்கலாம்’ என்ற கணக்கு

ரேபிஸ் மனிதருக்கு வருவது மிகப் பெரும்பாலும் நாய்க்கடியால்தான். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். அறிகுறிக்கு முன் தடுப்பூசி போட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். வைரஸ் காயத்திலிருந்து நரம்பின் வழியே மூளைக்குப் போய்ச் சேரப் பெரும்பாலும் வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிதான் தடுப்பூசிக்குக் கிடைக்கும் அவகாசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. விலங்கின் மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை இந்தியா கைவிட்டு 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது புஜத்தில் சில ஊசிகள், அவ்வளவுதான். ரத்தம் வரும்படியான கடி என்றால் காயத்தைச் சுற்றியே செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலினும் சேரும்.

நாய் கடித்தால் அதைப் பத்து நாள் கண்காணிக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அந்த விதி எங்கிருந்து வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. நாயின் எச்சிலில் ரேபிஸ் வைரஸ் வெளிப்படத் தொடங்கினால், சில நாட்களுக்குள் அந்த நாயே நோயுற்று இறந்துவிடும். பத்து நாள் கழித்தும் அது நலமாக இருந்தால் கடித்த நாளில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். நாய், பூனை, ஃபெரெட் மூன்றிலும் ஆராய்ந்து கண்ட உண்மை இது. குரங்குக்கோ, கீரிக்கோ, புனுகுப் பூனைக்கோ, மார்மோசெட்டுக்கோ இப்படி ஒரு கணக்கை யாரும் நிறுவவில்லை. ‘குரங்கு கடித்து ஒரு வாரமாகிறது, அது நன்றாகத்தான் ஓடியாடுகிறது’ என்ற ஆறுதலுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. பத்து நாள் விதியை எல்லா விலங்குக்கும் நீட்டுவது ஆபத்தானது.

மார்மோசெட் என்பது உள்ளங்கையில் அடங்கும் தென் அமெரிக்கக் குரங்கு. காதோரம் வெள்ளைக் குஞ்சத்துடன் பொம்மைபோல இருக்கும். பிரேசிலின் சியாரா மாநிலத்தில் மக்கள் அதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது வழக்கம். 1991க்கும் 1998க்கும் இடையில் அந்த மாநிலத்தில் 8 பேர் மார்மோசெட்டிடமிருந்து தொற்றிய ரேபிஸால் பாதிக்கப்பட்டார்கள். ஆராய்ந்தபோது, நாயிடமோ வௌவாலிடமோ காணப்படாத தனி வகை வைரஸ் அந்தக் குரங்குகளிடையே சுற்றிவந்தது தெரிந்தது.

இன்னொரு பக்கம், ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, வெள்ளெலி, முயல் போன்ற சிறு விலங்குகளிடம் ரேபிஸ் காணப்படுவது மிக மிக அரிது. அவற்றால் மனிதருக்குப் பரவியதாகவும் தெரியவரவில்லை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த ஹாம்ஸ்டர் கடித்ததற்குப் பெரும்பாலும் ரேபிஸ் ஊசி தேவைப்படாது. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அந்த முடிவுக்கும் அவருக்கு வேண்டியது விலங்கின் பெயரும் அது வந்த வழியும்தான்.

காயம் ஆறிய பிறகு வரும் காய்ச்சல்

ரேபிஸ் இல்லை என்பதால் சிறு பிராணிகளின் கடி ஆபத்தற்றது என்று ஆகிவிடாது. எலிக்கடிக் காய்ச்சல் என்றே ஒரு நோய் உண்டு. ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா ஆரோக்கியமான எலியின் வாயிலும் தொண்டையிலும் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது. ஆசியாவில் ஸ்பைரில்லம் என்ற இன்னொரு கிருமியும் இதே நோயைத் தரும். ஜப்பானியர் அதை ‘சொடோக்கு’ என்பார்கள், எலி நஞ்சு என்று பொருள்.

இந்த நோய் ஏமாற்றும் விதம் கவனிக்க வேண்டியது. ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் தொற்றினால் கடிபட்ட காயம் பெரும்பாலும் ஒழுங்காக ஆறிவிடும். 3 முதல் 10 நாள் கழித்துக் குளிர்க்காய்ச்சல், தலைவலி, வாந்தி, மூட்டுவலி, கைகால்களில் தடிப்பு எல்லாம் வரும். அதற்குள் கடியையே வீட்டில் மறந்திருப்பார்கள். மருத்துவருக்கோ இது சாதாரண வைரஸ் காய்ச்சலாகத் தெரியும். பெனிசிலின் கொடுத்தால் குணமாகும் நோய் இது. கண்டுபிடிக்காமல் விட்டால் சுமார் பத்தில் ஒருவரைக் கொல்லும். 2013இல் அமெரிக்காவின் சான் டியாகோ பகுதியில் எலி வளர்த்த 10 வயதுச் சிறுவன் இந்தக் காய்ச்சலுக்குப் பலியானான். முதலில் அதை வயிற்றுக் கோளாறு என்றே கருதினார்கள். ‘வீட்டில் எலி வளர்க்கிறோம், பத்து நாள் முன்பு கடித்தது’ என்ற ஒரு வரி மருத்துவரின் சிந்தனையை வேறு திசைக்குத் திருப்பும்.

ஹாம்ஸ்டரும் விதிவிலக்கில்லை. 2004இல் அமெரிக்காவின் கொலராடோவில் 3 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஹாம்ஸ்டர் கடித்துத் துலரேமியா வந்தது. அந்த ஹாம்ஸ்டர் அதற்குள் இறந்துவிட்டிருந்தது. கடித்த பிராணி சில நாளில் இறந்தால் அது ஒரு முக்கியமான துப்பு. உடலைக் குப்பையில் எறியாமல், கையால் தொடாமல் உறையிலிட்டுக் கால்நடை மருத்துவரிடம் தகவல் சொல்ல வேண்டும்.

உறவு நெருங்க நெருங்க ஆபத்தும் நெருங்கும்

இனி, நமக்கு நெருங்கிய உறவான குரங்குகள். 1932இல் நியூயார்க்கில் போலியோ ஆய்வில் ஈடுபட்டிருந்த இளம் மருத்துவர் ஒருவரின் விரலை ஒரு செம்முகக் குரங்கு கடித்தது. சில நாளில் காயத்தைச் சுற்றிக் கொப்புளம், பிறகு கால்கள் செயலிழப்பு, இறுதியில் மூச்சு நின்று மரணம். அவருடைய திசுக்களிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் சேபின்; பின்னாளில் போலியோ சொட்டு மருந்தை உருவாக்கியவர். இறந்த மருத்துவரின் பெயரெழுத்தைத் தாங்கி அது பி வைரஸ் எனப்பட்டது.

நம் உதட்டோரம் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸின் நெருங்கிய உறவு அது. மக்காக் இனக் குரங்குகளுக்கு அது அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. வாழ்நாள் முழுக்க அவற்றின் நரம்பில் உறங்கி, அவ்வப்போது எச்சிலில் தலைகாட்டும். மனித உடலுக்குள் வந்தாலோ மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும். சிகிச்சை இல்லையேல் தொற்றியவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் இறந்துவிடுவார்கள். தொற்றுவது மிக அரிது. உலகம் முழுவதும் பதிவானவை சில பத்து நிகழ்வுகளே. ஆனால் கடிபட்ட சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவதா என்று முடிவெடுக்க மருத்துவருக்குத் தெரிய வேண்டியது, கடித்தது மக்காக்கா வேறு குரங்கா என்பது. நம் கோயில் வாசல்களிலும் மலைப்பாதைகளிலும் திரியும் நாட்டுக் குரங்கும் மக்காக்தான்.

தேவாங்கின் உறவான ஸ்லோ லோரிஸிடம் இருப்பது வேறொரு ஆபத்து. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் அந்தச் சிறு விலங்குக்கு முழங்கையின் உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. அது கசியும் எண்ணெயை நக்கி எச்சிலோடு கலந்து கடிக்கும்போது நஞ்சாகிறது. அந்த எண்ணெயிலுள்ள ஒரு புரதம், பூனை ஒவ்வாமைக்குக் காரணமான புரதத்தை ஒத்தது. 2012இல் போர்னியோவில் இதனிடம் கடிபட்ட ஒருவர் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உள்ளாகி, சிகிச்சையால் பிழைத்தார். இதைச் செல்லப்பிராணியாக விற்பவர்கள் கடியைத் தவிர்க்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? மயக்கமருந்து இல்லாமல் அதன் பற்களை நறுக்கிவிடுகிறார்கள். காயத்தில் சீழ்வைத்துப் பல லோரிஸ்கள் இறந்துபோகின்றன. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூச்சத்தில் சிரிப்பதுபோல் காணொளிகளில் தெரியும் அதன் தோற்றம், உண்மையில் அந்தச் சுரப்பியை வாய்க்கு அருகே கொண்டுவரும் தற்காப்பு நிலை.

பழகுவது வேறு, வளர்ப்பினம் ஆவது வேறு

1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயேவ் வெள்ளி நரிகளை வைத்து ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார். தலைமுறைகள் செல்லச் செல்ல வாலாட்டும், கையை நக்கும் நரிகள் பிறந்தன. அன்பாக வளர்த்ததால் நிகழ்ந்த மாற்றமன்று இது; தேர்வு பிறவிக் குணத்தையே மாற்றியது. நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக இந்த வழியில் நம்மோடு வந்தது. செல்லப்பிராணியாக விற்கப்படும் சுகர் கிளைடர் என்ற சிறு பிராணியும் மார்மோசெட்டும் வரவில்லை.

குட்டியிலிருந்தே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குரங்கு சில ஆண்டுகள் மடியில் சுருண்டு கிடக்கும். பருவம் எட்டியதும் தன் கூட்டத்தில் இடம் பிடிக்கப் போராடும் இயல்பு எழும். அந்த வீடுதான் அதற்குக் கூட்டம். வீட்டில் மிகச் சிறியவர்மேல் அது பாயும். இதை நன்றிகெட்டத்தனம் என்பது அந்த உயிருக்கு நாம் செய்யும் அநீதி. சிறு பிராணிகளுக்கோ பெரும்பாலும் அச்சமே காரணம். பகலில் உறங்கும் ஹாம்ஸ்டரையும் சுகர் கிளைடரையும் தூக்கத்தில் அள்ளினால், மேலிருந்து பருந்துபோலக் கை இறங்கினால், கையில் தீனி வாசம் அடித்தால் கடிக்கும். கவ்விவிட்டால் கையை உதறக் கூடாது. தோல் கிழியும், பிராணியும் தூக்கி எறியப்பட்டு எலும்பு முறியும். அதன் கால் தரையில் படும்படி கையைத் தாழ்த்தினால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். கடித்ததற்காக அடிப்பது அச்சத்தைக் கூட்டும். அடுத்த கடியை அழைக்கும்.

மறைக்காதீர்கள்

2011க்கும் 2013க்கும் இடையில் ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் முதியவர்கள் மூவர் மூளை அழற்சியால் அடுத்தடுத்து இறந்தார்கள். வழக்கமான சோதனைகளில் காரணம் அகப்படவில்லை. மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு பொழுதுபோக்கு: மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பலவண்ண அணில்களை வளர்த்து, தங்களுக்குள் மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு தேடிய ஆய்வாளர்கள், ஓர் அணிலிடமும் இறந்த மூவரின் மூளைத் திசுவிலும் அதுவரை அறியப்படாத போர்னா வகை வைரஸைக் கண்டு 2015இல் அறிவித்தார்கள். கடியோ பிறாண்டலோ அது புகுந்த வழியாக இருக்கலாம் என்று கருதினார்கள். அணில் என்ற சொல் பேச்சில் வராதிருந்தால் அந்த மரணங்கள் காரணம் தெரியாதவையாகவே கோப்பில் கிடந்திருக்கும்.

நம் நாட்டில் அந்தச் சொல்லைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். தேவாங்கு போன்ற நம் காட்டுயிர்களை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டு இனங்களை வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பதை 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் கட்டாயமாக்கின. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பைகளில் குட்டிக் குரங்குகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது தொடர்ந்து வரும் செய்தி. பிடிபடாமல் வெளியேறும் குட்டிக்குத் தனிமைப்படுத்தலும் இல்லை, சோதனையும் இல்லை. அதை வாங்கியவர் கடிபட்டால் ‘தெருநாய்’ என்றோ ‘கம்பி குத்தியது’ என்றோ சொல்லிவிடக்கூடும். அந்தப் பொய்யால் ஒருவருக்குத் தேவையற்ற ஊசி போகும், அல்லது தேவையான மருந்து போகாமலே போகும். சட்டத்தை எதிர்கொள்ள நாளை ஒரு நாள் இருக்கிறது. நரம்பில் ஏறும் வைரஸ் நாளை வரை நிற்காது.

எனவே, காயத்தைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகும்போது நான்கு விவரங்களை எடுத்துச் செல்லுங்கள்: எந்த விலங்கு, எங்கிருந்து வந்தது, என்றைக்குக் கடித்தது, இப்போது அது எப்படி இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் கைப்பேசியில் ஒரு படம் போதும். குழந்தைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள். ஹாம்ஸ்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து கடியை மறைக்கும் குழந்தைகள் உண்டு. திட்டமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால், விரலை நீட்டிக்கொண்டு முதலில் நம்மிடம்தான் வருவார்கள். வந்ததும் குழாயைத் திறப்போம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்போம்: கடித்தது எது?